கல்லில் ஏறாத பெயர்கள்: தலைநகரின் நினைவிடங்களில் நமக்கான இடம் எது?

தாம்பரத்தை அடுத்த குடியிருப்பு ஒன்றில் வழக்கறிஞர்களாகிய நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மாலை நேரப் பயிலகம் நடத்தி வருகிறோம். தூய்மைப் பணியாளர்கள், கட்டடத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோரின் பிள்ளைகளே அங்குப் படிக்கிறார்கள். பாடநூலில் வாசித்த வரலாற்றை நேரில் பார்க்கட்டும் என்று, அண்மையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைத் தலைநகரின் அருங்காட்சியகங்களுக்கும் போர் நினைவிடங்களுக்கும் அழைத்துச் சென்றோம்.

இரண்டாம் நாள் மாலை, நேப்பியர் பாலத்துக்கு அருகிலுள்ள போர் வெற்றி நினைவுச் சின்னத்தின் முன் நின்றிருந்தோம். முதல் உலகப்போரில் நேச நாடுகள் பெற்ற வெற்றிக்காக எழுப்பப்பட்டு, பின்னர் இரண்டாம் உலகப்போர், காஷ்மீர், சீனா, பாகிஸ்தான் போர்களில் உயிர்நீத்தோரையும் நினைவுகூரும் இடம் அது. அதைச் சொல்லி முடித்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, வேலையில செத்துப்போனவங்களுக்குத்தான் இந்தக் கல்லா? அப்ப எங்க மாமாவுக்கு எங்க வச்சிருக்காங்க?”

அவளுடைய தாய்மாமன், தென்சென்னைப் புறநகரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி, நச்சுவாயு தாக்கி இறந்தவர். அவளுக்கு அப்போது நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே நிறைவாக இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சி. சேப்பாக்கம் ஹுமாயூன் மகாலில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கும் வேளையில், யாருடைய வரலாறு பொது வரலாறாகக் காட்சிக்கு வைக்கப்படுகிறது, யாருடைய பெயர் கல்லில் ஏறுகிறது என்ற கேள்வியை இப்போதே எழுப்பியாக வேண்டும். கட்டி முடித்த பிறகு எழுப்பினால் சுவரில் ஒரு படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை

தாம்பரம் – கடற்கரை மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையின் நிலையங்களை வரிசையாக எண்ணினாலே நம் வரலாற்றின் ஒரு பகுதியைச் சொல்லிவிட முடியும்.

முதல் நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். அங்குள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. எங்கள் மாணவர்களுள் பலர் தங்கள் பாட்டியோடு அங்கு மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் 1891இல் திராவிட மகாஜன சபையைக் கட்டியவர் என்பதும், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர் என்பதும், சித்த மருத்துவராக வாழ்ந்துகொண்டே பௌத்தத்தை மீட்டெடுத்தவர் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் அறிந்த அயோத்திதாசர் ஒரு மருத்துவமனைப் பலகை மட்டுமே.

அடுத்துப் பல்லாவரம். 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்குக் கண்டெடுத்த கற்கோடரிதான் இந்திய வரலாற்றுக்கு முந்தைய ஆய்வுக்குக் கதவைத் திறந்தது. அதையடுத்துப் பரங்கிமலை. பிரிட்டிஷ் பாசறை அமைந்திருந்த இந்த ஊரில்தான் 1883இல் எம்.சி. ராஜா பிறந்தார். மதராஸ் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி, 1922இல் அரசு ஆவணங்களில் இழிபெயர்களுக்கு மாற்றாக ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் ஏற்கப்பட்டது. நாம் அரசுக்கு அளிக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எழுதும் சொல்லுக்குப் பின்னால் பரங்கிமலைக்காரர் ஒருவரின் உழைப்பு இருக்கிறது.

பிறகு கிண்டி. காந்தி மண்டப வளாகத்தில் ராஜாஜி, காமராசர், பக்தவத்சலம் ஆகியோரின் நினைவகங்களோடு இரட்டைமலை சீனிவாசனின் நினைவு மண்டபமும் இருக்கிறது. 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்தியவர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர். அதே வளாகத்தில் 2023 டிசம்பரில் அயோத்திதாசருக்கும் மணிமண்டபம் திறக்கப்பட்டது. நெடுங்காலக் கோரிக்கைகளின் பயன்கள் இவை. இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால் மணிமண்டபத்துக்குள் தலைவரின் சிலையும் படங்களும்தான் இருக்கின்றன. அவர் எதை எதிர்த்துப் போராடினார், யார் அதைச் செய்தார்கள், எந்த அரசாணையால் எது மாறியது, எது இன்னும் மாறவில்லை என்பதை விளக்கிச் சொல்ல வேண்டிய இடம் வரலாற்று அருங்காட்சியகம். அதற்காக எழும்பூரில் இறங்க வேண்டும்.

மூக்கை அளந்த இடம்

1851இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகம் இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகங்களுள் ஒன்று. அமராவதிப் பௌத்தச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அதன் பெருமைகள். மாணவர்கள் அமராவதிக் கூடத்தில் நெடுநேரம் நின்றார்கள். அயோத்திதாசர் ஏன் பௌத்தத்தைத் தேடிச் சென்றார் என்று விளக்குவதற்கு அதைவிடச் சிறந்த இடம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் அந்த வளாகத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளவுகோல் கொண்டு அளந்து, சாதிகளை வகைப்படுத்த முயன்றவர். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களைக்கூட அவர் அளந்தார். அந்த அளவைகளையும் குறிப்புகளையும் கொண்டு 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய நூல் வெளிவந்தது. இன்றும் நீதிமன்றத்தில் சாதிச் சான்றிதழ் வழக்கு வந்தால் அந்தத் தொகுதிகளை எதிர்த்தரப்பு மேற்கோள் காட்டுவதை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

ஆக, சாதியை ‘அறிவியல்’ ஆக்க முயன்ற கூடங்களுள் ஒன்று அது. சாதி என்னும் கொடுமையை வரலாறாகச் சொல்லும் கூடம் மட்டும் அங்கு இல்லை. தீண்டாமையை 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் கூறு ஒழித்தது. ஒழிக்கப்பட்ட ஒன்று எப்படி இருந்தது, யாரால் நடத்தப்பட்டது என்பதை அருங்காட்சியகம் காட்டாவிட்டால் அடுத்த தலைமுறை அதை எங்கே காணும்? சேரியில் காணும், பள்ளிச் சத்துணவு வரிசையில் காணும், தேநீர்க் கடையில் காணும். அனுபவமாக மட்டும் காணும், வரலாறாகக் காணாது. அருங்காட்சியகம் என்பது கலைக்கான இடம், அரசியலுக்கானதன்று என்று சிலர் சொல்லக்கூடும். மனித மூக்கை அளந்து தரம் பிரித்த நாளிலேயே அந்த வாதம் காலாவதியாகிவிட்டது.

சான்றுகள் இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே எழும்பூரில்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, நிலமற்று அடிமைகளாக வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை ஊர் ஊராக விவரித்தது. அதன் விளைவாகவே 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. தாம்பரமும் பல்லாவரமும் அன்று அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. இன்று இங்கு எழுந்து நிற்கும் அடுக்குமாடிகளுக்கு அடியில் பஞ்சமி நிலம் எவ்வளவு என்ற வழக்குகளை நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம். அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். காரணைப் பஞ்சமி நிலத்தில் நடப்பட்ட அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதே அந்தப் போராட்டத்தின் உடனடிக் காரணம். 1892ஆம் ஆண்டின் அரசாணையும் 1994ஆம் ஆண்டின் இந்த இருவர் பெயரும் ஒரே கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட வேண்டியவை.

நந்தம்பாக்கத்தின் வெண்கற்கள்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்தில் மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பேருந்தில் போகும்போது நம்மில் பலர் பார்த்திருப்போம். உள்ளே சென்றவர்கள் குறைவு. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை ஓரிடத்தில் காப்பதற்காக 1952இல் இது அமைக்கப்பட்டது. 850க்கும் மேற்பட்ட கல்லறைகள், ஒரே அளவில், புல்வெளியில் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்தின் பின்புறத்தில் முதல் உலகப்போருக்கான நினைவுச் சுவர் உண்டு. பராமரிக்க இயலாமற்போன பாசறைக் கல்லறைகளில் உறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

தளபதியானாலும் சிப்பாயானாலும் கல் ஒரே அளவு என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை. அக்கொள்கை எல்லோருக்கும் பொருந்தவில்லை என்பதை அந்த ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள்; குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை. ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சுவரில் இந்தியப் படையின் அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டுமே கிடைத்தது.

இதில் நம் பங்கு என்ன? மதராஸ் படையின் தொடக்க காலம் முதலே பறையர் சமூகத்தினர் அதில் சிப்பாய்களாகவும் சாப்பர்களாகவும் முன்னோடிப் படையினராகவும் பணியாற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இராபர்ட்ஸ் பிரபு போன்ற தளபதிகள் முன்வைத்த ‘போர்க்குடி’ கோட்பாடு, தென்னாட்டவர் போருக்குத் தகுதியற்றவர் என்று கூறி மதராஸ் படைப்பிரிவுகளைக் குறைத்தது. அதே காலத்தில்தான் மகார்களுக்கும் இராணுவக் கதவு மூடப்பட்டது. சுபேதார் ராம்ஜியின் மகனாகிய அம்பேத்கரின் குடும்பம் அந்த முடிவின் வலியை நேரில் அறிந்தது. பிறகு முதல் உலகப்போர் வந்தபோது, இந்தியாவிலிருந்து சிப்பாய்களோடு ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்பணியாளர்களாகத் திரட்டப்பட்டனர். சுமை தூக்குவோர், சமைப்போர், தண்ணீர் சுமப்போர், கழிப்பிடம் துப்புரவு செய்வோர் என்ற வரிசையில் கடைசி வேலைகள் யாருக்கு ஒதுக்கப்பட்டன என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. ஊரில் இருந்த சாதி கப்பலேறிப் போர்க்களத்துக்கும் சென்றது. அங்கு இறந்த துப்புரவாளருக்குக் கல் நடப்படவில்லை. கல்லறை இருந்தவருக்குத்தான் பின்னர் சுவரில் பெயர் கிடைத்தது. கல்லறையே இல்லாதவருக்குச் சுவரும் இல்லை.

பேரரசுக்காகச் செய்த போர்ப்பணியை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று நம் தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் பெயர் என்பது கொண்டாட்டத்துக்கு முந்தைய உரிமை. பீமா கோரேகானின் தூணை நினைத்துப் பாருங்கள். 1818 போருக்காகக் கம்பெனி தன் வெற்றியைப் பறைசாற்ற நட்டது அது. ஆனால் அதில் இருபதுக்கும் மேற்பட்ட மகார் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்த காரணத்தால், 1927 சனவரி 1 அன்று அம்பேத்கர் அங்குச் சென்றபோது அந்தத் தூண் வேறு பொருள் பெற்றது. பெயர் இருந்ததால்தான் பொருளை மாற்ற முடிந்தது. 2018இல் அந்தத் தூணை நோக்கிச் சென்றவர்கள் தாக்கப்பட்டதும் அந்தப் பெயர்களின் வலிமையைக் கண்ட அச்சத்தால்தான்.

ஆலந்தூரில் ஒரு படம்

பழைய கற்களைப் பற்றி மட்டும் பேசுவதாக எண்ண வேண்டாம். உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும்போதெல்லாம் 1914 செப்டம்பர் 22 அன்று ‘எம்டன்’ கப்பல் வீசிய குண்டை நினைவூட்டும் கல்வெட்டை வளாகச் சுவரில் நாங்கள் பார்க்கிறோம். ஒரு கப்பல் சிறிது நேரம் குண்டு வீசிச் சென்றதை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நினைவில் வைத்திருக்கும் நீதிமன்ற உலகில், அரசியலமைப்பை வரைந்தவரின் படத்துக்கு இடம் உண்டா என்ற கேள்வி 2023 சூலையில் எழுந்தது. நீதிமன்ற வளாகங்களில் காந்தியடிகள், திருவள்ளுவர் ஆகியோரின் சிலைகளும் படங்களும் மட்டுமே இருக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அதில் சுட்டப்பட்ட நிகழ்வுகளுள் ஒன்று, நம் ஆலந்தூர் ஒருங்கிணைந்த நீதிமன்றக் கட்டடத்தின் முகப்பில் வழக்கறிஞர்கள் வைத்த அம்பேத்கர் படத்தை அகற்றச் செய்ய வேண்டும் என்பது. வழக்கறிஞர்கள் போராடினார்கள், சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைச் சந்தித்தார், எந்தத் தலைவரின் படத்தையும் அகற்ற உத்தரவில்லை, தற்போதைய நிலையே தொடரும் என்ற விளக்கம் வந்தது.

படம் காப்பாற்றப்பட்டது. ஆயினும், போராடினால் நீடிக்கும், அயர்ந்தால் அகற்றப்படும் என்ற நிலையில் ஒரு மரியாதை இருக்குமானால் அது சமமான மரியாதையாகாது. தமிழ்நாட்டின் ஊர்களில் அம்பேத்கர் சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சமூகத்தினர் உயர்வாக மதிக்கும் சிலை, படம் போன்றவற்றைச் சேதப்படுத்துவதையும் இழிவுபடுத்துவதையும் 3(1)(t) பிரிவின்கீழ்க் குற்றமாக்கியது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கச் சொல்கிறது. நிர்வாகமோ சிலையைக் கூண்டில் அடைக்கிறது.

நினைவிடங்களிலும் ஊரும் சேரியும்

இரண்டு நாள் பயணத்தை முடித்துத் தாம்பரத்துக்குத் திரும்பும் ரயிலில் எங்களுக்குத் தெளிவானது இது: தலைநகரின் நினைவுப் பரப்பும் ஊர், சேரி என்றே பிரிந்து கிடக்கிறது. பொது வரலாறு அருங்காட்சியகங்களிலும் போர் நினைவிடங்களிலும் இருக்கிறது. நம் தலைவர்களுக்குத் தனி மண்டபம் உண்டு. அங்குப் பிறந்தநாளன்றும் நினைவுநாளன்றும் மாலை விழும். நம் மக்களின் சாவுகளுக்கு நாமே கல் நட்டுக்கொள்கிறோம். 1968இல் 44 உயிர்கள் எரிந்த கீழ்வெண்மணியில் நினைவுச் சின்னத்தை எழுப்பியது இயக்கம். 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட மேலவளவிலும் மக்களும் இயக்கமுமே நினைவிடத்தைக் காத்து வருகிறார்கள்.

பிற நாடுகள் இதை வேறுவிதமாகச் செய்திருக்கின்றன. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் நடுநாயகமான நினைவுப் பரப்பில், 2016இல் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அலபாமாவின் மான்ட்கோமரியில் பிரையன் ஸ்டீவன்சன் என்ற வழக்கறிஞரின் அமைப்பு, கும்பலால் கொல்லப்பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களுக்கு 2018இல் நினைவிடம் எழுப்பியது. 800க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்களில், எந்த வட்டாரத்தில் யார் கொல்லப்பட்டார் என்று பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. கொன்ற ஊரின் பெயரும் கொல்லப்பட்டவரின் பெயரும் ஒரே தூணில் நிற்கின்றன. நம் மாநிலத்தில் அப்படியொரு தூண் வரிசையைக் கற்பனை செய்து பாருங்கள். எத்தனை ஊர்கள் அதை எதிர்த்து வழக்குப் போடும் என்பதையும் சேர்த்தே கற்பனை செய்யலாம்.

ஆகவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, சேப்பாக்கத்தில் அமையவிருக்கும் அருங்காட்சியகத்தில் சாதி எதிர்ப்பைத் தனி அறையில் ஒதுக்கிவிடாமல், விடுதலைப் போராட்டத்தின் ஊடாகவே காட்ட வேண்டும். திராவிட மகாஜன சபை, 1922ஆம் ஆண்டின் பெயர் மாற்றம், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லோருக்கும் திறக்கக் கோரிய 1924ஆம் ஆண்டின் சட்டமன்றத் தீர்மானம், வட்டமேசை மாநாடு ஆகியவை காலவரிசையில் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது, திரமென்ஹீர் அறிக்கையும் 1892ஆம் ஆண்டு அரசாணையும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மூன்றாவது, எழும்பூர் அருங்காட்சியகம் தர்ஸ்டனின் ஆய்வுமுறையைத் தன் சொந்த வரலாறாக, விமர்சனத்தோடு காட்சிப்படுத்த வேண்டும். நான்காவது, மதராஸ் மாகாணத்திலிருந்து போருக்குச் சென்று மடிந்த பின்பணியாளர்களின் பெயர்களை ஆவணங்களிலிருந்து திரட்ட, மாநில அரசு ஓர் ஆய்வுக்குழுவை அமைக்க வேண்டும்.

ஐந்தாவது, அந்த மாணவியின் கேள்விக்கான விடை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பற்ற முறையில் மனிதரை மலக்குழிக்குள் இறக்குவதைத் தடை செய்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் நேர்ந்த ஒவ்வொரு மலக்குழி மரணத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது; 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. 1993 முதலான கணக்கில் மிக அதிகமான மலக்குழி மரணங்கள் பதிவான மாநிலம் தமிழ்நாடு என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் கூறியிருக்கிறது. இழப்பீட்டு வழக்குகளில் நாங்கள் மீண்டும் மீண்டும் சந்திக்கும் முதல் தடை, இறந்தவர் அந்த வேலைக்குத்தான் வந்தார் என்பதையே எதிர்த்தரப்பு மறுப்பதுதான். பெயர் பதிவேட்டில் இல்லை, கூலிச் சீட்டில் இல்லை, ஒப்பந்தத்தில் இல்லை. போர்க்களத்துத் துப்புரவாளருக்கு நேர்ந்தது இன்று புறநகர்த் தொழிலாளிக்கும் நேர்கிறது.

ஆகவே தலைநகரில், குடும்பங்களின் ஒப்புதலோடு, மலக்குழியில் இறந்த ஒவ்வொருவரின் பெயரையும் இறந்த நாளையும் இடத்தையும் பொறித்த நினைவுச் சுவர் ஒன்றை அரசு எழுப்ப வேண்டும். அது இழப்பீட்டுக்கோ குற்றத் தண்டனைக்கோ மாற்றாகாது. இனியொரு சாவு நேராமல் தடுக்கும் கடமைக்கும் மாற்றாகாது. ஆனால் அரசு தன் கையால் ஒரு பெயரைக் கல்லில் எழுதிவிட்டால், அந்த மனிதர் அங்கு வேலைக்கே வரவில்லை என்று பிறகு எந்த நீதிமன்றத்திலும் எவராலும் எளிதில் சொல்ல முடியாது.

பயிலகத்தில் மறுவாரம் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னோம். அந்த மாணவி தன் கட்டுரைக்குத் தலைப்பாகத் தன் மாமாவின் முழுப் பெயரை எழுதியிருந்தாள்.